சனிக்கிழமை மேடம்

வெளியே மழை பெய்கிறது என்று அந்த மேடத்திடம் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "பாத்தீங்களா பாய், சொன்னாங்களா?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால் குடையை எடுப்பார். சொன்னார்கள் என்றால் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். கிண்டலுக்காகச் செய்வதில்லை, முகம் அப்பாவியாகத்தான் இருக்கும். முப்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, தோளில் ஒரு கறுப்புப் பை, பைக்குள் எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதம். சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துக் கடலூருக்கு வந்து, எங்கள் இரண்டு கிழவர்களுக்கும் பாடம் எடுத்துவிட்டுப் போவார். சில வருஷங்களுக்கு முந்தைய கதை இது.

என்ன பாடம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் ஆரம்பித்தான். கெட்டிக்காரன். ஏழெட்டு ஊர்களில் கிளை போட்டு அதைக் கம்பெனியாக்கிவிட்டான். கம்பெனி என்றால் டைரக்டர்கள் வேண்டும். நான் அப்போதுதான் துபாய் ஜவுளிக்கடை வாழ்க்கையை முடித்துக்கொண்டு முதுநகர் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். "சும்மா பேருக்குத்தான் மச்சான்" என்றான். பேருக்குத்தானே என்று நானும் டைரக்டரானேன். இன்னொருவர் அண்ணாமலை நகரில் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற புரொபசர். நாங்கள் இருவரும் தினசரி நிர்வாகத்தில் தலையிடாத டைரக்டர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டத்துக்கு வருவோம், சமோசா தின்போம், தலையாட்டுவோம். புரொபசர் கொஞ்சம் ஜாஸ்தி தின்பார், நான் கொஞ்சம் ஜாஸ்தி ஆட்டுவேன்.

அப்புறம் சென்னையிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் பங்கு வாங்க முன்வந்தது. அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, இந்த மாதிரி சும்மா இருக்கும் டைரக்டர்களுக்குச் சட்டமும் கம்ப்யூட்டர் பாதுகாப்பும் தெரிந்திருக்க வேண்டும், பன்னிரண்டு வாரம் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது. அதற்கு வந்தவர்தான் மேடம். கம்பெனிச் சட்டம் படித்து அதையே தொழிலாக வைத்திருந்தவர்.

முதல் நாள் அவர் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை நாங்கள் ஒப்புதல் கொடுக்கும் ஒரு சான்றிதழை எடுத்து எங்கள் முன் வைத்தார். எல்லாச் சட்டங்களும் ஒழுங்காகப் பின்பற்றப்படுகின்றன என்று வரிவரியாக அச்சடித்த தாள், கீழே என் அழகான கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், நாங்கள் கண்ணால் பார்த்திருந்தால் 'பா' என்றும், யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் 'சொ' என்றும் எழுதச் சொன்னார். மருத்துவக் கழிவை முறைப்படி அகற்றுகிறோம், சொ. பெண் ஊழியர் புகார்க் குழு இருக்கிறது, சொ. நோயாளிகள் விவரம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது, சொ. என் தாள் முழுக்க சொ, சொ, சொ. தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றுக்கு மட்டும்தான் பெருமையாக 'பா' போட்டேன், ஏனென்றால் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் அதன் மேல்தான் குடையை மாட்டுவேன். மேடம் எங்களை அந்தச் சிலிண்டரிடம் அழைத்துப் போய் அதில் ஒட்டியிருந்த தேதியைப் படிக்கச் சொன்னார். அது காலாவதியாகிப் போன பிறகும் நான் அதில் பல மாதம் குடை மாட்டியிருக்கிறேன்.

இரண்டாவது வாரம் இன்னும் மோசம். டைரக்டர்களுக்கு அரசு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட ஒரு டோக்கன் உண்டு, பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் நாம் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். உங்கள் டோக்கன் எங்கே என்று கேட்டார். நானும் புரொபசரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் இருக்கிறது. எல்லாக் கம்பெனி டைரக்டர்களும் அங்கேதான் வைத்திருப்பார்கள், கிளார்க் பார்த்துக்கொள்வார் என்றேன். அன்றைக்குப் பாடம் அந்த டிராயருக்கு முன்னால்தான் நடந்தது. ரப்பர் பேண்டு போட்ட டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் பெயரும் ரகசிய எண்ணும். என்னுடையதும் இருந்தது. கிளார்க் ரொம்பப் பணிவான ஆள், டீ வரவழைத்தார். நாங்கள் போட்டதாக அரசாங்கத்தில் ஏறியிருந்த கையெழுத்துகளின் பட்டியலை மேடம் திரையில் காட்டினார். அதில் ஒன்று என் பேத்தியின் காது குத்துக்கு நான் பரங்கிப்பேட்டையில் பந்தியில் உட்கார்ந்திருந்த மத்தியானம் போட்டதாக இருந்தது.

"உங்க கையி அங்க பிரியாணி சாப்புட்டுக்கிட்டு இருந்திருக்கு, இங்க கையெழுத்தும் போட்டிருக்கு" என்றார் மேடம். சிரிக்காமல்தான் சொன்னார். டோக்கனை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டு வந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். ரகசிய எண்ணை மனப்பாடம் செய்ய எனக்கு நான்கு நாள் பிடித்தது.

இந்தக் குணம் எங்களுக்காகப் போட்டுக்கொண்ட வேஷமில்லை. புரொபசர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குச் சிதம்பரம் போனபோது மேடத்தின் மாமியாரைச் சந்தித்தேன். "எங்க மருமவ கோயில்ல அர்ச்சன பண்ணாகூட, சாமி காதுல விழுந்துச்சான்னு நின்னு பாத்துட்டுத்தான் வருவா" என்றார் அந்த அம்மா. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று கணவர் சொன்னாலும், பஸ் ஏறப் போனவர் திரும்பி வந்து பார்ப்பாராம். அந்த மனிதர் பொறுமைசாலி, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே கண்டிப்பைத் தன் மேலும் வைத்திருந்தார் மேடம். ஒரு வாரம் ஏதோ ஒரு சட்டப் பிரிவைப் பற்றிச் சொன்னவர், அடுத்த வாரம் வந்ததும் பையை இறக்கி வைக்கும் முன்பே, போன வாரம் தான் சொன்னது இன்னொருவர் சொல்லிக் கேட்டது என்றும், இப்போது படித்துப் பார்த்துவிட்டதாகவும் அது தவறு என்றும் அறிவித்தார். நாங்கள் இருவரும் அந்தப் பிரிவை ஏற்கெனவே மறந்திருந்தோம்.

எரிச்சல் வராமலில்லை. நாலு நாட்டு ஜனங்களோடு வியாபாரம் பண்ணியவன் நான். ஆளைப் பார்த்தே நம்பலாமா கூடாதா என்று சொல்லிவிடுவேன் என்கிற கர்வம் எனக்கு உண்டு. இந்தப் பெண் யாரையுமே நம்ப மாட்டாளா என்று வீட்டில் புலம்பினேன். புரொபசரிடமும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, ஆளை நம்புவது வேறு, தாளை நம்புவது வேறு என்றார். ரசாயனக்காரர், அவருக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. எனக்கு ஒன்பதாவது வாரம்தான் புரிந்தது.

அன்றைக்கு அந்தப் பழைய சான்றிதழில் நோயாளிகள் விவரம் பத்திரமாக இருக்கிறது என்ற வரிக்கு வந்தோம். மென்பொருள் செய்து கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். நீங்களும் இங்கேதானே ரத்தம் கொடுக்கிறீர்கள், உங்கள் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள், ஏதாவது ரகசிய எண் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். எனக்கு முந்தின வாரம்தான் சர்க்கரைப் பரிசோதனை முடிந்து, ஃபோனுக்கு ஒரு லிங்க் வந்திருந்தது. தொட்டேன். ஒன்றும் கேட்காமல் திறந்துகொண்டது.

அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் செய்தது நான். கடையில் பில் புத்தகத்தை எடுத்தால் அடுத்த நம்பரையும் புரட்டிப் பார்த்துவிடுகிற பழக்கம் எனக்கு, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்க்க. லிங்கின் கடைசியில் ஒரு நம்பர் இருந்தது. விரல் தானாகப் போய் அதில் ஒன்றைக் கூட்டித் தட்டிவிட்டது. இன்னொரு ரிப்போர்ட் திறந்தது. ஒரு பெண்ணின் பெயர், இருபத்தாறு வயது, அண்ணாகிராமம் பக்கம் ஊர், குழந்தை தங்காததற்குப் பார்க்கும் பரிசோதனைகள்.

"மூடுங்க பாய்" என்றார் மேடம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மூடினேன். கடலூர் மாதிரி ஊரில் ஒரு ரிப்போர்ட் வெளியே போனால் ஒரு கல்யாணம் நிற்கும், ஒரு வேலை போகும், ஒரு பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். அத்தனை பேருடைய ரிப்போர்ட்டும் நம்பர் வரிசையில் திறந்து கிடந்தது. பத்திரமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நான். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றேகால்.

அரை மணியில் என் மச்சினன் வந்துவிட்டான். வந்ததும் நல்ல காரியம் ஒன்று செய்தான், மென்பொருள்காரர்களைக் கூப்பிட்டு லிங்க் அத்தனையையும் மூட வைத்தான். அதற்கப்புறம்தான் சங்கடம். இப்படி ஓட்டை தெரியவந்தால், தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்கு எழுதித் தர வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். சென்னைக்காரர்கள் திங்கட்கிழமை ஒப்பந்தம் போட வருவதாக இருந்தது. மூன்று வருஷம் அலைந்து அவன் கொண்டு வந்த ஒப்பந்தம்.

மேடம் படிவத்தை நிரப்பி, எப்போது தெரியவந்தது என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு என் முன்னால் வைத்தார். மச்சினன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மச்சான், ஓட்டைய அடைச்சாச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆவல. நீங்க செவ்வாக்கெழம பாத்ததா வச்சுக்குவோம். நான் மறைக்கச் சொல்லல, மூணு நாள் தள்ளித்தான் எழுதச் சொல்றேன்."

அவன் குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நான் கல்யாணம் கட்டி அந்த வீட்டுக்குப் போனபோது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு என் விரலைப் பிடித்து நடந்தவன் அவன். நான் துபாயில் இருந்த காலமெல்லாம் என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான். புரொபசர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். சட்டம் இதை அனுமதிக்காது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பழி அவர் மேல் போய்விடும், நான் தப்பிப்பேன். மச்சினனும் அவரிடமே கேட்டான், நீங்க என்னா மேடம் சொல்றீங்க என்று.

"நான் டைரக்டர் இல்ல சார். சட்டத்த ஏற்கெனவே சொல்லிட்டேன். பாத்தது பாய்தான், எழுத வேண்டியதும் அவுருதான்" என்றார். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. ஒன்பது வாரம் நச்சரித்துவிட்டு, வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டாரே என்று நினைத்தேன். பேனாவை எடுத்தேன், வைத்தேன், தண்ணீர் குடித்தேன். செவ்வாய்க்கிழமை என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை நான் படித்தது சனிக்கிழமை பதினொன்றேகால் மணிக்கு. அதை மாற்றி எழுத என் கைக்கு வரவில்லை. நேரத்தை எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். புரொபசர் என்னிடமிருந்து பேனாவை வாங்கி, அந்த நேரத்தில் தானும் அறையில் இருந்ததாகக் கீழே எழுதினார். படிவம் மூன்று மணிக்கு முன்பே போய்விட்டது.

மச்சினன் பக்ரீத் வரை என்னோடு பேசவில்லை. பக்ரீத் அன்றைக்கும் தன் அக்காவிடம்தான் பேசினான். ஒப்பந்தம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. சென்னைக்காரர்கள் ஆள் அனுப்பித் துருவிப் பார்த்துவிட்டு, எங்கள் படிவத்தையும் அதிலிருந்த நேரத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் வந்தார்கள். ஒருவேளை அவர்கள் வராமலே போயிருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன். அன்றைக்கு மேடம் எனக்குப் பதிலாகப் பேசியிருந்தால், சாகும் வரைக்கும் நான் தலையாட்டுகிறவனாகவே இருந்திருப்பேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. இப்போது கணவரின் வேலை மாற்றலால் மேடம் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை படிவம் போனதோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். மேடம் நினைக்கவில்லை. மென்பொருள்காரர்கள் தங்கள் பதிவுகளையெல்லாம் அலசியதில், அதுவரை அடுத்தவர் ரிப்போர்ட்டைத் திறந்தவர் ஒரே ஒருவர்தான் என்று தெரிந்தது. அது நான். யாருடைய விவரம் வெளியே போனதோ அவரிடம் சொல்ல வேண்டும் என்றார் மேடம். ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிடலாம் என்றேன். பதிவில் இருந்த ஃபோன் நம்பர் அந்தப் பெண்ணின் பெயரில் இல்லை, கணவர் பெயரில் இருந்தது. விவரம் அந்தப் பெண்ணுடையது, நம்பர் அவளுடையது இல்லை, நேரில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். தனியாகப் போக எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்லாமலே புரிந்துகொண்டு, அடுத்த சனிக்கிழமை பாடத்தை விட்டுவிட்டு என்னோடு வந்தார்.

பண்ருட்டி வரை பஸ், அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ. ரோட்டோரமெல்லாம் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். பஸ்ஸில் மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தார். என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், இப்போது என்ன செய்திருக்கிறோம். அதற்கு மேல் சமாதானம் எதுவும் சொல்லக் கூடாது. நான் பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஊரில் விசாரித்ததில், அந்தப் பெண் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் இருப்பாள் என்றார்கள். வெளியே ஒரு முந்திரி மரத்தடிக்கு அவளை மேடம் அழைத்து வந்தார். கொட்டையின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"அம்மா, நீ ரத்தம் குடுத்த எடத்துல நான் ஒரு டைரக்டர். ஒன்னோட ரிப்போர்ட்டு என் ஃபோன்ல தொறந்துடுச்சு. தொறந்தது நான்தான், தப்பு எங்களோடது. பேரும் ஊரும் என்ன டெஸ்டுங்கறதும் பாத்துட்டேன், உள்ள என்னா போட்டிருக்குன்னு படிக்கல. இப்ப யாரும் தொறக்க முடியாதபடி பண்ணிட்டோம்."

திட்டுவாள், அழுவாள், ஆளைக் கூப்பிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அவள் எதுவும் செய்யவில்லை. குழம்பிப்போய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது அவுரு ஃபோனுக்குல்ல வந்துச்சு" என்றாள். "கொற எங்கிட்டதான்னு போட்டிருக்காம். மாமியாரு சொல்லிட்டே இருக்காங்க. அடுத்த மாசம் அவுருக்கு வேற எடம் பாக்கப் போறாங்களாம்."

எப்போதும் 'பாத்தீங்களா, சொன்னாங்களா' என்ற கேள்வியை உதட்டில் வைத்திருக்கும் மேடம் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"ஒங்க ரிப்போர்ட்ட நீங்க கேட்டா நாங்க குடுத்தாவணும். கேக்குறீங்களா?"

"நான் கேக்கலாமா?"

"நீங்கதான் கேக்கணும்."

"அப்ப கேக்குறேன்" என்றாள் அந்தப் பெண்.

மேடம் பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் கையைப் புடவையில் துடைத்தாள், கறுப்பு போகவில்லை. பரவாயில்லை, பிடியுங்கள் என்றார் மேடம். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். முதலில் தன் பெயரைப் படித்தாள். பிறகு தனக்கு வந்த அளவு எந்தப் பத்தி, சரியான அளவு எந்தப் பத்தி என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் விரலை இந்தப் பத்தியிலிருந்து அந்தப் பத்திக்கு நகர்த்திக்கொண்டே வந்தாள். கடைசி வரி வரைக்கும் போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து வந்தாள். "எல்லாம் அளவுக்குள்ளதான இருக்கு" என்றாள். எதையும் நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாங்கள் டாக்டர் இல்லை, இதை ஒரு டாக்டரம்மாவிடம் நீங்களே நேரில் காட்டுங்கள் என்று மட்டும் மேடம் சொன்னார்.

அவள் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கொட்டகை வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"இன்னொண்ணு கெடைக்குமாக்கா? வீட்டுல இத யாராவது கிழிச்சிட்டாங்கன்னா?"

மேடம் பைக்குள் கையை விட்டு இரண்டாவது உறையை எடுத்தார்.